சாகாமத்துப் பாசியும் நான் சொன்ன பொய்யும்

இன்று காலை ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையின் பஞ்சு மூடியை எடுத்ததும் ஈரமண் வாசம் வந்தது. நீலப்பச்சைப் பாசியின் வாசம். நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு வருடமாகிறது. இந்த வாசம் பட்டால் இன்னும் உன்மேல் எரிச்சல்தான் முதலில் வருகிறது, அழுகை பிறகுதான்.

கல்முனையிலிருந்து ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த தோழிகள் நாம். சாகாமக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து தட்டுகளில் பாசி வளர்த்தவள் நான். ஒரு தட்டில் பச்சைப் பாசியின் நடுவே கருநீலமாக ஒரு திட்டு. அதைச் சுற்றி வளையமாக வெறுமை. தட்டு கெட்டுவிட்டதென்று கழிவு வாளியில் போட்டேன். நீதான் குனிந்து எடுத்தாய்.

“இஞ்ச பாருகா, இதுக்குக் கிட்ட வாற பச்சையெல்லாம் சாகுது. இத நான் எடுக்கட்டா?”

எடு என்றேன். ஆறு மாதத்தில் அந்தத் திட்டிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தாய். பச்சையாய்க் கலங்கிய போத்தல் தண்ணீரில் சில துளி விட்டால் சில நாளில் தெளிந்துவிடும். நஞ்சு மருந்து ஊற்றாமலே குளத்தில் மிதமிஞ்சும் பாசியை இதனால் அடக்கலாம் என்று கருத்தரங்கில் பேசினாய். அந்தத் தட்டு என்னுடையதென்று எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டினாய். கை தட்டினார்கள். நீ அதை மறைத்திருந்தால் உன்னை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

பிறகு ஒரு விடுமுறையில் மின்சாரம் நின்று, வளர்ப்பறை சூடேறி, உன் பாசியெல்லாம் வெளுத்துச் செத்தது.

“உன்னட்ட கொஞ்சமாவது இரிக்கா?” என்று கேட்டாய்.

உனக்குத் தெரியாமல் அந்தப் பாசியில் கொஞ்சம் எடுத்துப் போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் என் வீட்டு ஜன்னலோரம் இருந்தது. நீ காணாத எதையாவது அதில் நான் கண்டுவிட வேண்டுமென்று வைத்திருந்தேன். இல்லை என்றேன்.

நீ மறுபடியும் குளத்தில் இறங்கினாய். நாலு மாதம் தேடி, அதே பாசியைக் கண்டெடுத்தாய். சந்தோஷப்பட்டதுபோல் நடித்தேன். அடுத்த மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

உன் வேலையை முடிக்கும்படி என்னிடம் தந்தார்கள். கட்டுரையில் உன் பெயரை முதலிலும் என்னுடையதை அடுத்தும் எழுதியபோதுகூட என் மனம் சுருங்கியது. போன மாதம் உன் உம்மாவிடம் போய்க் குழாய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்:

“அவளுக்குத் தெரியும் மகள். பெருநாளைக்கு உங்கட வீட்ட வந்த நேரம் ஜன்னல்ல கண்டுட்டாள். ‘அவளாத் தரட்டும், நான் கேக்கமாட்டன்’ எண்டு சொன்னாள்.”

நீ தேடி அலைந்த மாதங்களில்தான் அந்தப் பெருநாள் வந்தது. குழாயைக் கண்டுவிட்டு, என் உம்மா வைத்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மீண்டும் தண்ணீரில் இறங்கியிருக்கிறாய். ஒரு நாளும் என்னிடம் முகம் மாறவில்லை.

உன் கண்டுபிடிப்பின் மேலிருந்த பொறாமை கட்டுரையோடு ஒருவாறு அடங்கிவிட்டது. இது அடங்கவில்லை. அப்படியொரு மனம் உனக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? தொழுதுவிட்டு உனக்காகக் கையேந்தும்போது அந்த மனத்தையும் சேர்த்துக் கேட்கிறேன், எனக்காக.