மைக்கை வைக்கமாட்டேன்

சேசு மரி சூசை துணை
கொடைக்கானல், 2.5.1961

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மழையும் இங்கே சுகம். கோயம்புத்தூர் பொருட்காட்சியில் மைக் பிடிக்கப் போனீர்கள், சரி. இருபதாம் தேதி நம் ஊர்ப் பூக்கண்காட்சிக்கு வருவதாகச் சொன்ன வாக்கு என்ன ஆனது? "வேறு ஆளைப் பார்க்கச் சொல்" என்று ஒரு கார்டு! விழாச் செயலாளர் திருமலைச்சாமி பள்ளிக்கூட ஆபீசுக்கே வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, "நானே அறிவிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டேன். ஆறு வருஷமாக உங்கள் மேடைப் பேச்சை எழுதித் தருவது யார்? அதை வாசிக்க எனக்கு வாய் இல்லையா?

கோபிக்காமல் நாலு யோசனை எழுதுங்கள்.

அமலி

கோயம்புத்தூர், 8.5.1961

அமலிக்கு,

எழுதுவது வேறு, ஆயிரம் பேர் முன்னால் நிற்பது வேறு. என் மனைவி மைக் பிடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சொன்னால் கேட்கவா போகிறாய்?

மைக்கை ஊதிப் பார்க்காதே. பரிசு வாங்குகிறவர் பெயரோடு பூம்பாறை, வடகவுஞ்சி என்று ஊரையும் சேர்த்துச் சொல். கை தட்ட ஆள் இருக்கும். அவர் மேடை ஏறும்வரை பேச்சை விடாதே. துண்டுச்சீட்டு வந்தால் உள்ளதை மட்டும் வாசி. உன் சரக்கைச் சேர்க்காதே.

மனுவேல்

கொடைக்கானல், 22.5.1961

அன்புள்ள அத்தானுக்கு,

சரக்கைச் சேர்த்துவிட்டேன்.

விழாத் தலைவர் சேனாதிபதி ஐயா வத்தலக்குண்டிலிருந்து காரில் வர வேண்டும். மலையெல்லாம் மூடுபனி. திருமலைச்சாமி இங்கிலீஷில் ஒரு சீட்டு அனுப்பினார்: "சேனாதிபதி லேட்". நன்கொடையாளர் பட்டியலில் தினமும் இறந்தவர் பெயருக்கு "லேட்" அடிக்கிறவள் நான். கார் பள்ளத்தில் போய்விட்டது என்று பதறி, "காலஞ்சென்ற நம் தலைவருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி" என்று அறிவித்துவிட்டேன்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் ஐயா வந்து சேர்ந்தார். அவரும் தலைகுனிந்து நின்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாராம்: "யாருக்குங்க?"

"உங்களுக்குத்தாங்க."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனாலும் சொன்னேன்: "மன்னிக்கணுங்க, தப்பு என்னோடது. எல்லாரும் நின்னபடியே, ஐயா நூறு வருசம் இருக்கணும்னு பலமா ஒரு தட்டு தட்டுங்க!" கூட்டம் அதிர்ந்தது. ஐயாவும் சிரித்துவிட்டார். மீதி இரண்டு மணி நேரத்தையும் நானே நடத்தினேன்.

அமலி

கோயம்புத்தூர், 30.5.1961

அமலிக்கு,

உன் கதை பஸ்ஸேறி இங்கேயும் வந்துவிட்டது. டீக்கடையில் ஒருவன், "அண்ணே, இன்னைக்கு யாருக்கு அஞ்சலி?" என்கிறான். இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் போயிற்று. இனி மைக்கைத் தொடமாட்டேன் என்று திருமலைச்சாமிக்கு எழுதிக் கொடு. கொடுக்கும்வரை நான் அந்த மலை ஏறப் போவதில்லை.

மனுவேல்

கொடைக்கானல், 6.6.1961

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்து, ஆகஸ்டு சுதந்திர தின விழாவுக்கு வரவேற்புரை எழுத உட்கார்ந்தேன். அதற்கும் நான்தான் அறிவிக்க வேண்டுமாம். கேட்டனுப்பியது சேனாதிபதி ஐயாவே.

தப்புப் பண்ணினேன். அதை ஆயிரம் பேர் முன்னால் ஒப்புக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு மணி நேரமும் என்னை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

நீங்கள் இல்லாமல் வீடு நன்றாக இல்லை. வாருங்கள். வராவிட்டாலும் மைக்கை வைக்கமாட்டேன். எனக்கு இப்போது மேடை இருக்கிறது. உங்கள் பேச்சை இனி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அமலி

கோயம்புத்தூர், 9.8.1961

அன்புள்ள அமலிக்கு,

இரண்டு மாதமாக நானே எழுதி, நானே வாசிக்கிறேன். எவனும் கை தட்டவில்லை.

பதினான்காம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். மேடைக்குக் கீழே எந்த வரிசையில் நான் உட்கார வேண்டும் என்று எழுது.

உன் மனுவேல்