அக்காவுடைய ஒரே ஒரு பொருள்

நவம்பர் 4
நூலக வேலை முடிந்து திரும்பினால் ஆயர் இல்லத்துக் கடிதம். அக்காவுக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று விசாரிக்கப் போகிறார்களாம். முதல் சாட்சி நான். செத்து ஆறு வருடமாகியும் என் வேலையைக் கெடுப்பதை அவள் விடவில்லை.

"புனிதரோட தங்கச்சி, டீ கிடைக்குமா?" என்றார் என் வீட்டுக்காரர். கிடைக்கவில்லை.

நவம்பர் 9
ஆயர் இல்லத்தில் விவிலியத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். பேருந்து நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த நோயாளிகளை அக்கா எங்கள் பின்னறைக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டதையெல்லாம் சொன்னேன். குறை ஏதாவது உண்டா, மறைக்கக் கூடாது என்றார் விசாரிக்கும் ஃபாதர்.

"உண்டு ஃபாதர். கேக்காம எடுத்துக் குடுத்துடுவா. எல்லாம் என்னோடது."

குடை, போர்வை, என் கல்யாணச் செருப்பு என்று அடுக்கினேன். எழுத்தர் எழுதி வாசித்துக் காட்டினார்: 'உடைமைகளில் பற்றற்றவர்.'

யாருடைய உடைமைகளில்?

நவம்பர் 10
பற்றற்றவராம்.

நவம்பர் 15
ஃபாதர் தொலைபேசியில் அழைத்தார். பார்வைக்கு வைக்க அக்கா பயன்படுத்திய பொருள் ஒன்று வேண்டும். கண்ணாடிப் பெட்டிகூடத் தயாராம்.

அவள் அலமாரியைத் திறந்தேன். தன்னுடையதையெல்லாம் கொடுத்துவிட்டு என்னுடையதை உடுத்தித் திரிந்தவள். இருப்பவை எல்லாம் என்னுடையவை. அங்கிருந்த இன்னொரு போர்வையின் மூலையில், சலவைக்காக நான் தைத்த என் முதலெழுத்து. இதை வைத்தால் ஊரே என் போர்வை முன்னால் மண்டியிடும். கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது.

அவளுடையது என்று இருந்தது ஒன்றுதான். அம்மா கடைசியாகப் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர். முழங்கை கிழிந்தபோது பச்சை நூலால் நான் தைத்தேன். அதையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். மூன்று மாதம் அவளோடு பேசவில்லை நான்.

இதை மட்டும் விசாரணையில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அது அவள் குறையா, என் குறையா?

நவம்பர் 22
ஸ்வெட்டரைக் கண்டுபிடித்துவிட்டேன். பேருந்து நிலையக் கழிப்பறையைக் கழுவும் ஒரு பெண்ணின் உடம்பில் இருக்கிறது. பச்சைத் தையல் அப்படியே.

"நூலகத்துல எல்லாரையும் மிரட்டிப் புத்தகத்தைத் திருப்பி வாங்குறவ, இதை விட்டுடுவியா?" என்கிறார் வீட்டுக்காரர். விடுவேனா?

நவம்பர் 23
என் புது ஸ்வெட்டரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதைக் கொடுத்து இதை வாங்கிவிடலாம். நியாயமான மாற்று. விடிகாலைக் குளிர், அந்தம்மா முழங்கால்வரை ஈரம். யாருடைய தங்கை என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். பையைத் திறந்து பார்த்தார்.

"இது என் பொண்ணுக்குச் சரியா இருக்கும்மா. எனக்கு உங்க அக்கா குடுத்ததே போதும்."

இரண்டும் போயிற்று. குளிரில் நடுங்கிக்கொண்டு வீடு வந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகும் என் பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டாளே, பாவி!

அந்தம்மா போட்டிருக்கும் ஸ்வெட்டரின் இன்னொரு முழங்கையும் நைந்திருக்கிறது.

டிசம்பர் 1
ஃபாதர் மறுபடி அழைத்தார். பொருள் கிடைத்ததா?

"கிடைச்சுது ஃபாதர். உபயோகத்துல இருக்கு."

எப்போது கிடைக்கும் என்றார். முழுக்கக் கிழிந்ததும் சொல்கிறேன் என்றேன். சாட்சியத்தில் ஒன்று விட்டுப்போயிற்று, அந்த மூன்று மாதம், அதையும் சேர்க்க வேண்டும் என்றேன்.

பச்சை நூல்கண்டும் ஊசியும் கைப்பையில் இருக்கின்றன. நாளை பேருந்து நிலையப் பக்கமாகத்தான் போகிறேன்.