படப்புக்குத் தீ வைத்தவர்

புதன், இரவு.

தோவாளைப் பக்கம் வைக்கோல் படப்புகளுக்குத் தீ வைத்துவந்த ஆள் இன்று தீப்பெட்டியோடு பிடிபட்டார். சரோஜம், அதே ஊரில் தனியாக வசிக்கும் அறுபது வயதுப் பெண்மணி.

இன்ஸ்பெக்டர் போன வாரம் என்னிடம் வந்தார். கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள் என்பதால், குற்றவாளி எப்படிப்பட்டவர் என்று ஊகித்துச் சொல்லக் கேட்டார். பக்கத்தில் வசிப்பவர், நடந்தே வருபவர், தனியாக இருப்பவர், இளைஞன் என்றேன். உடனே, தனியாக வாடகைக்கு இருக்கும் பெயின்டர் ஜெபினைப் பிடித்து ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார்கள். இன்று வெளியே வந்தவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"மேடம், தனியா இருக்கது குத்தமா?"



மூன்று சரி, ஒன்று தப்பு. ஏன்? எரிந்த இடங்களையும் நேரத்தையும் பார்த்துச் சொன்னது பலித்தது. இளைஞன் என்பதை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்தேன். எங்கோ ஒரு நாட்டில் பிடிபட்டவர்களை வைத்து எழுதிய புத்தகம். பிடிபடாதவர்கள் அதில் எப்படி வருவார்கள்? இது ஏன் முன்பே தோன்றவில்லை?

ஸ்டேஷனில், யார் மேல் பகை என்று சரோஜத்திடம் கேட்டேன்.

"பகையா? ஒருத்தர்கிட்டயும் இல்ல மக்கா. காய்ச்சல்ல கெடந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல்ல. தீ பிடிச்சா ஊரே ஓடி வருதுல்லா? நானும் குடத்துல தண்ணி கொண்டு போவேன். அப்பம் எல்லாரும் எனக்கிட்ட பேசுவாவ."

எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. சரோஜத்திடம் கேட்கத்தான் இன்னும் நிறைய இருக்கிறது.