காலியாக வந்த தூக்கு

கோவிலம்பாக்கம்

அன்பு மகளே,

கோணல் எழுத்தை மன்னித்துவிடு. இந்த வயதில் எழுதக் கற்ற கை, மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் நானே உனக்கு எழுதுகிறேனே!

நோன்புக் கஞ்சியை மாடிவீட்டு ஜெயக்கொடிக்கும் தினமும் கொடுக்கிறேன். தூக்கை அவள் வெறுமையாகத் திருப்பித் தந்ததே இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவாள். இந்த வாரம் அவள் புருஷன்தான் கஞ்சியை வாங்குகிறான். தூக்கு காலியாக வருகிறது.

"அவ ஊருக்குப் போய்க்கீறா பாய். நீ இன்னாத்துக்கு பேஜாராவுற?" என்று நேற்று சிரித்தான். அவனுக்குப் பின்னால், பூட்டிய அறைக்குள், அவள் இருமினாள்.

அடுத்தவர் குடும்பத்தில் தலையிடாதீர்கள் என்பாய்.

இன்று எதிர்வீட்டு குப்புராஜையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு படியேறப் போகிறேன். அவளைக் கண்ணால் பார்க்காமல் இறங்க மாட்டோம். காலையிலிருந்து மேலே இருமல் சத்தம்கூட இல்லை.

நடந்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அத்தா