உலகத்துக்கு லேஸ் கற்றுக்கொடுத்த நாகர்கோவில்

14.3.2006, செவ்வாய். அஜ்மான்.

தூக்கம் வரவில்லை. எல்லாம் என் வாயால் வந்த வினை.

நாளை மகள் ஜெனி வகுப்பில் ஊர்ப் பொருள் ஒன்றைக் காட்டிப் பேச வேண்டும். அவள் அம்மா ஸ்டெல்லா ஊசியால் முடிச்சுப் போட்டுப் பின்னிய லேஸைக் கொடுத்து, "இதை உலகத்துக்கே படிச்சுக் குடுத்தது நம்ம நாகர்கோவிலாக்கும்" என்றேன். பத்தாம் வகுப்பில் சரித்திரத்தில் தோற்றவன் வேறென்ன சொல்வான்? பிள்ளை அப்படியே எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் மாடி வீட்டு ஆர்மீனியப் பெண் வந்தார். லேஸைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தன் தலைத்துணியைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் அதே முடிச்சு! தங்கள் பெண்கள் காலங்காலமாகப் பின்னுவது என்றார். அவர் மகளும் ஜெனி வகுப்புதான்.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எனக்கே மடத்துல வெளிநாட்டு சிஸ்டர்மாருல்லா படிச்சுத் தந்தாவ. நீங்க எந்தக் கப்பல்ல போய் உலகத்துக்குப் படிச்சுக் குடுத்திய?"

அந்த சிஸ்டர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? அவளுக்கும் தெரியவில்லை.

ஜெனி மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்குகிறாள். ஆறரைக்கு ஸ்கூல் பஸ். அவள் தாளை எடுத்து நாகர்கோவிலை அடித்தேன். அந்த இடத்தில், யார் முதலில் பின்னினார்கள் என்று தெரியாது என எழுதினேன்.

மேலே அவளாகவே சேர்த்திருந்த "மை டாடி டோல்ட் மீ"யை அடிக்க மட்டும் கை வரவில்லை.