பாம்புத்தலைக்காரி

மார்ச் 4, புதன்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவுக்கு.

அம்மா வேலை பார்க்கும் சலவைக் கடையில் காசு போட்டால் ஓடும் மெஷின்கள் ஆறு. சாயங்காலம் காசுப் பெட்டிகளைத் திறப்பது நான். கிரேக்கப் புராணப் படம் போட்ட நினைவு நாணயம் இருந்தால் எடுத்துக்கொண்டு, அதே மதிப்புக்கு என் காசைப் போட்டுவிடுவேன். திருட்டு இல்லை. ஆனால் முதலாளி ஒத்துக்கொள்வாரா? பெட்டிக் காசில் கை வைத்தால் அம்மாவின் வேலை காலி என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

மொத்தம் பன்னிரண்டு நாணயத்தில் ஒன்பது சேர்ந்துவிட்டது. எல்லாம் தேய்ந்தவை. சிறகுக் குதிரைக்கு ஒரு சிறகுதான் மிச்சம்.

"மூக்கு இல்லாத சாமியா பாத்துப் பாத்து சேக்கறா பாரு!" என்கிறான் அண்ணன். அவனுக்கு எல்லாம் பளபளக்கணும். எனக்கோ, நூறு பேர் கை பட்டால்தான் அது காசு.

மார்ச் 9, திங்கள்

மூன்றாம் மெஷின் மறுபடி நின்றது. சிக்கியிருந்தது மெடூசா நாணயம். பார்த்தவரைக் கல்லாக்கும் பாம்புத்தலைக்காரி.

"மெஷினையும் பாத்துட்டாளா? அப்படியே கல்லா நிக்குது!" என்றாள் அம்மா. நான் சிரித்துவிட்டேன். முதலாளி சிரிக்கவில்லை.

"நீ கவனிக்காம விட்டா யாரும்மா கவனிப்பா? இன்னொரு தடவை நின்னுச்சு, வேற ஆள் பாத்துக்கறேன்."

மார்ச் 10

பயமாக இருக்கிறது. என் சேகரிப்பிலுள்ள தேய்ந்த மெடூசாவை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! என்னுடைய தேய்ந்த மெடூசா எந்த மெஷினிலும் வழுக்கிக்கொண்டு போகிறாள். பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். சிக்கியது புத்தம்புதுசு, அதில் பாம்புகள் விளிம்பைத் தாண்டிப் புடைத்து நிற்கின்றன. அதுதான் மாட்டுகிறது. அம்மா மேல் தப்பே இல்லை.

ஆனால் என் மெடூசாவை முதலாளியிடம் காட்டினால், "இது உனக்கு ஏது?" என்பாரே?

மார்ச் 12, வியாழன்

ஐந்தாம் மெஷினும் நின்றது, அதிலும் ஒரு புது மெடூசா. முதலாளி அம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். வீட்டில் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடிக்கிறாள். போதும். நாளைக்கு நானே போகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

பள்ளிக்குப் போகும் முன் கடைக்குப் போனேன். முதலாளியின் மேஜையில் கிடந்த, சிக்கிய புதுசை அவர் முன்னாலேயே போட்டேன், மெஷின் நின்றது. எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன், ஓடியது. எங்கே எடுத்தேன் என்பதையும் நானே சொன்னேன். அவரும் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். "ஸ்கூலுக்கு நேரமாச்சு, போ" என்றார். அவ்வளவுதான்.

இப்போது சாயங்காலம், எங்கள் வீட்டு வாசலில் முதலாளியின் குரல். அம்மா பேசுவது கேட்கவில்லை.

"நாளைக்கு நீயே வந்து கடையைத் தெறந்துடும்மா. அப்புறம், உன் பொண்ணு இருக்காளே..."

மெதுவாக என்னமோ சொல்கிறார். வாசல் கதவு சாத்தியாயிற்று. அம்மாவின் காலடி என் அறைப் பக்கம்தான் வருகிறது. கேட்கட்டும், ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவே— தட்டுகிறா