பின்மூடிக்குள் வேறொருவர் அடையாளம்

என் அன்பு அப்பாவுக்கு,

அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்கவில்லை. எனக்கு இங்கே ஒரே குழப்பம். அதை உங்களிடம்தான் கேட்க முடியும், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் உங்கள் வாட்ச் ரிப்பேர் கடையைச் சனிக்கிழமைகளில் மட்டும் திறக்கிறேன். எனக்குத் தெரிந்தது பேட்டரியும் வாரும் மாற்றுவதுதான். போன வாரம் உங்கள் பழைய வாடிக்கையாளர் ராஜேந்திரன் சார் வந்தார். அவர் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட சாவி கொடுக்கும் வாட்ச் நின்றுவிட்டது.

"போன வருஷம் உங்கப்பா சர்வீஸ் பண்ணிக் குடுத்தாரு. அவரு கை பட்ட கடைசி தடவை அதான். இனிமே இத வேற யாரும் சர்வீஸ் பண்ண வேணாம்மா. ஏன் நின்னுச்சுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு, போதும் லா," என்றார். கண் கலங்கியிருந்தது.

உங்கள் ஃபோனில் 'காதர் பாய், கிள்ளான்' என்று ஒரு நம்பர் இருந்தது. வாட்சை எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறிப் போனேன். அவரும் வாட்ச் ரிப்பேர்க்காரர்தான். பின்மூடியைத் திறந்து லென்ஸை என்னிடம் கொடுத்தார். மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறிய குட்டி எழுத்துகள். சர்வீஸ் செய்தவர் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பது உங்கள் தொழில் வழக்கமாமே. எத்தனை நாள் நம் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஐந்து இடத்தில் உங்கள் பெயரின் 'மு'. ஆறாவதாக, போன வருஷத் தேதியோடு, 'கா'.

"இது என்னோடது," என்றார் காதர் அங்கிள். "கடைசி ரெண்டு வருஷம் உங்கப்பாவுக்குக் கை நடுக்கம்மா. வியாழக்கிழமையானா வந்த வாட்சையெல்லாம் தூக்கிக்கிட்டு இங்க வந்துடுவாரு. நான் கழட்டுவேன், பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. நான் சரின்னு வச்சதக் காதுல வச்சுக் கேட்டுட்டு, இல்ல பாய், நொண்டுது, மறுபடி கழட்டுங்கன்னு உயிர எடுப்பாரு. தொறந்து பார்த்தா அவரு சொன்னதுதான் சரியா இருக்கும்."

"அப்ப அவர் அடையாளத்தையே போட்டிருக்கலாமே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கை வைக்காத வேலைக்கு உங்கப்பா பேர் போடுவாரா?"

அப்பா, இது என்ன நியாயம்? யாரும் திறந்து பார்க்காத இடத்தில் உண்மையைக் கீற விட்டுவிட்டு, எதிரே நின்று நன்றி சொன்ன மனிதரிடம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். எங்களிடமும்தான். வியாழக்கிழமை பார்ட்ஸ் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொன்னீர்கள். வெட்கமா? கடையை மூடச் சொல்லிவிடுவோம் என்ற பயமா? கோபப்படத்தான் பார்க்கிறேன். நீங்கள் பாயின் பக்கத்தில் வாட்சைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் கோபம் வரமாட்டேன் என்கிறது.

வாட்ச்சுக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதாம். இப்போதே கழற்றிச் சுத்தம் செய்தால் ஓடும், விட்டால் துரு தின்றுவிடும் என்கிறார் அங்கிள். நான் சும்மா இருந்தால் ராஜேந்திரன் சார் அதை உங்கள் ஞாபகமாகப் பெட்டியில் வைத்துவிடுவார். கடைசியாக அதில் பட்டது உங்கள் கை இல்லை என்று சொன்னால், வேறொருவர் கழற்றச் சம்மதிப்பார், வாட்ச் பிழைக்கும். உங்கள் பெயர்? தெரியவில்லை, அப்பா.

நாளைக்கு அவர் வருகிறார். பின்மூடியைத் திறந்து லென்ஸை அவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் போடாத இடத்தில் உங்கள் பெயரை நான் போடமாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
செல்வி